மேனேஜரின் மூக்கில் மகரந்தம்

சலவைக்கடை அக்காவுக்குத் தெருவில் இரண்டு விஷயத்தில் பெயர். ஒன்று, அவள் இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டைக் காலர். உட்கார்ந்தாலும் எழுந்தாலும் நின்றது நின்றபடி நிற்கும். இன்னொன்று அவள் வாய். அதுவும் ஒரு முறை விறைத்துக்கொண்டால் லேசில் மடியாது.

அந்த வாய்தான் போன வியாழக்கிழமை அவளை மாட்டிவிட்டது. கடைக்குப் பின்புறம், துணி உலர்த்தும் முற்றத்தில் அவள் லில்லி வளர்க்கிறாள். அன்றைக்குக் காலையில் போய்ப் பார்த்தால், இரண்டு வருஷமாகக் காத்திருந்த வெள்ளை ஓரியண்டல் ரகச் செடியில் மூன்று மொட்டுகளைக் காணோம். அக்கா நேரே வாசலுக்கு வந்தாள். பால் வாங்க நின்றவர்கள், பேருந்துக்கு ஓடினவர்கள், எதிர்வீட்டு ரிடையர்டு கணக்கு டீச்சர், எல்லாரும் இருந்தார்கள். மாடி ஜன்னலில் படுத்திருந்த பூனையைப் பார்த்து, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்:

"அந்தப் பூனை செத்தாத்தான் என் தோட்டம் பிழைக்கும்."

பூனை கொட்டாவி விட்டது. கணக்கு டீச்சர் கேட்டுக்கொண்டார். அவர் கேட்டுக்கொண்டால் தெருவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பூனை மாடியில் குடியிருக்கும் நர்சம்மாவுடையது. பெயர் மேனேஜர். எந்த வேலையும் செய்யாமல், எல்லார் வேலையையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு, திருப்தியில்லாத முகத்தோடு போய்விடுவதால் அந்தப் பெயர். நர்சம்மாவுக்கும் அக்காவுக்கும் ஒன்பது மாதமாகப் பேச்சு இல்லை. காரணம் அதே பூனை, அதே முற்றம், தோண்டிப் போட்ட ஒரு கிழங்கு. ஆனாலும் நர்சம்மாவின் யூனிஃபாரம் இந்தக் கடைக்குத்தான் வரும். அக்கா வெளுத்துத் தேய்த்துக் கொடுப்பாள், தம்பி மேலே கொண்டுபோய்க் கொடுப்பான். தொழில் வேறு, கோபம் வேறு.

தம்பிக்கு நாற்பத்தொரு வயது. கடையின் வேனை ஓட்டுவதும் துணி மடிப்பதும் அவன் வேலை. அவனுக்குப் பெண் பார்த்துப் பார்த்து அக்காவுக்குக் கண் பூத்துப்போனது. பதினோரு பெண்கள். ஒன்றுக்கு உயரம் சரியில்லை, ஒன்றுக்குச் சிரிப்பு சரியில்லை, பதினோராவது பெண்ணுக்கு எல்லாமே சரியாக இருந்ததால் அதுவே அவனுக்குச் சந்தேகம்.

சரி, லில்லிக்கு வருவோம்.

லில்லி என்றால் ஒரே லில்லி என்று நினைக்கிறவர்களை அக்கா மனிதர்களாகவே எண்ணுவதில்லை. குளிர் விட்டதும் முதலில் வருவது ஏசியாட்டிக். வாசனை கிடையாது, கூச்சமும் கிடையாது. ஆரஞ்சும் மஞ்சளுமாக வானத்தைப் பார்த்துக் கோப்பை மாதிரி நிற்கும். பிறகு தலைப்பாகை லில்லி. ஒரு தண்டில் இருபது பூ, எல்லாம் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, இதழ்களை மட்டும் பின்பக்கம் சுருட்டிக் கட்டியிருக்கும். ஊதுகுழல் மாதிரி நீண்ட டிரம்பெட் ஒன்று உண்டு. பகலெல்லாம் ஊமையாக இருந்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் வாசனையை அவிழ்த்துவிடும். புலி லில்லிக்கு உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி. இலைக்கு இலை இடுக்கில் மிளகு போலக் குட்டிக் கிழங்குகளை வைத்துக்கொண்டு, விழுந்த இடத்திலெல்லாம் குடித்தனம் பண்ணும். கடைசியில்தான் மகாராணி வருவாள், ஓரியண்டல். விரித்த கை அகலம். ஒரு பூ மலர்ந்தால் கடையில் சோப்பு வாசனையே தோற்றுப்போகும்.

இதெல்லாம் சும்மா வருவதில்லை. லில்லிக் கிழங்குக்கு வெங்காயத்துக்கு இருப்பதுபோல மேல்தோல் கிடையாது. செதில் செதிலாக, சட்டை போடாத குழந்தை மாதிரி இருக்கும். காய்ந்தால் சாகும், தண்ணீர் நின்றால் அழுகும். மண்ணில் பாதிக்குப் பாதி மணல் கலந்து, கிழங்கு உயரத்துக்கு மூன்று மடங்கு ஆழத்தில் வைக்க வேண்டும். தலைக்கு வெயில் வேண்டும், காலுக்கு நிழல் வேண்டும். அக்கா அதற்காகத் தொட்டிகளின் முன்னால் பழைய சலவைப் பெட்டிகளை அடுக்கி நிழல் கட்டியிருந்தாள். பூ முடிந்ததும் தண்டை வெட்டிவிடக் கூடாது. இலை தானாக மஞ்சளாகிற வரைக்கும் விட்டால்தான் கிழங்கு அடுத்த வருஷத்துக்குச் சாப்பிட்டு வைத்துக்கொள்ளும்.

ஆனால் சலவைக்காரி லில்லி வளர்ப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. அந்தப் பூவின் நடுவில் ஆறு காம்பு நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பை. மலர்ந்து சில மணி நேரத்தில் பை வெடித்து, துரு நிறத்தில் மகரந்தம் கொட்டும். வெள்ளைத் துணியில் பட்டு, அதை யாராவது ஈரக் கையால் துடைத்துவிட்டால் முடிந்தது கதை. அந்த முற்றத்தில்தான் ஆஸ்பத்திரிக் கோட்டெல்லாம் உலர்கிறது. அதனால் அக்கா தினமும் காலை ஐந்தரைக்கு எழுந்து, புதிதாக வாய் திறந்த ஒவ்வொரு பூவுக்குள்ளும் விரலை விட்டு, பை வெடிப்பதற்குள் ஆறையும் கிள்ளி எடுத்துவிடுவாள். ஒரு நாள் தவறியதில்லை.

திங்கட்கிழமையும் அப்படித்தான் கிள்ளி முடித்து, கையைக் கழுவிக்கொண்டு கடைக்குள் வந்தாள். இஸ்திரி மேஜையில், தேய்த்து அடுக்கிய கோட்டுகளின் மேல் மேனேஜர் உட்கார்ந்திருந்தது. அக்காவின் வாயில் ஒரு வசவு பாதி தூரம் வந்தது. அப்போதுதான் பூனையின் மூக்கைப் பார்த்தாள்.

மூக்கு நுனியிலும் மீசையிலும் துரு நிறப் பொடி. மார்பு மயிரிலும் ஒரு தீற்று. பூனை அதை நாக்கால் நக்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்தது.

வசவு திரும்பி உள்ளே போய்விட்டது. கிழங்குப் பெட்டியோடு வந்த துண்டுக் காகிதம் அவளுக்கு ஞாபகம் வந்தது. பூனை வளர்ப்பவர்கள் கவனத்துக்கு என்று அதில் ஒரு கட்டம் இருந்தது. இலையோ பூவோ பொடியோ, எது கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலும் பூனையின் சிறுநீரகம் இரண்டு மூன்று நாளில் நின்றுவிடும் என்று எழுதியிருந்தது. அக்கா அதைப் போன வருஷமே படித்திருந்தாள். நான் எங்கே பூனை வளர்க்கிறேன் என்று மடித்து வைத்துவிட்டாள்.

இப்போது அவள் மனதில் முதலில் வந்த யோசனையைச் சொன்னால் அவளுக்கு மரியாதை இல்லை. வந்தது என்னவோ உண்மை. கடையில் வேறு யாரும் இல்லை, தெருவில் யாரும் பார்க்கவில்லை. மூக்கைத் துடைத்துப் படியில் ஏற்றிவிட்டால், பூனைக்கு என்ன ஆனாலும் அது பூனையின் தலையெழுத்து. ஆனால் வியாழக்கிழமை வாய் சொன்னதை இன்றைக்குப் பூனை செய்துகாட்டினால், இந்தத் தெரு என்ன சொல்லும் என்று அவளுக்குத் தெரியும். நேற்று வரைக்கும் அடுத்தவரைப் பற்றி அந்த மாதிரிச் சொன்னவர்களில் அவளும் ஒருத்தி. அதைவிட இன்னொன்றும் இருந்தது. பூனை நக்குவதை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தது. ரொம்ப சாதாரணமாக, இன்றைக்கு என்ன வேலை என்று கேட்பதுபோல.

அக்கா மேஜை இழுப்பறையைத் திறந்து ஒட்டும் டேப்பை எடுத்தாள். துணியில் மகரந்தம் பட்டால் அவள் செய்வது அதுதான். தேய்க்காமல், நனைக்காமல், டேப்பை ஒட்டி ஒட்டி எடுப்பாள். சட்டைக் கைக்கும் பூனை மீசைக்கும் உள்ள வித்தியாசம் அவளுக்கு இரண்டே நொடியில் புரிந்தது. முழங்கை வரைக்கும் மூன்று நகக் கீறல். அந்தக் கையாலேயே பூனையைத் துண்டில் சுற்றி அள்ளிக்கொண்டு, ஒன்பது மாதமாக மிதிக்காத மாடிப்படியில் ஏறினாள்.

நர்சம்மா இரவு டியூட்டி முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். செருப்புகூடக் கழற்றவில்லை. கதவைத் திறந்தவள் அக்காவைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள், கையில் ரத்தக் கீறலைப் பார்த்தாள்.

"என்ன பண்ணீங்க அதை?"

"ஒண்ணும் பண்ணலம்மா. லில்லிப் பொடி தின்னிருக்கு. பூனைக்கு அது விஷம். இப்பவே டாக்டர்கிட்ட போகணும்."

"விஷமா?"

"என்னை அப்புறம் திட்டிக்க. வண்டி இருக்கு, வா."

நர்சம்மா திட்டவில்லை. அதுதான் அக்காவுக்குக் கஷ்டமாக இருந்தது.

கீழே வேனைத் துடைத்துக்கொண்டிருந்த தம்பியிடம் விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் வெளுத்துவிட்டது. இந்தக் கடையில் எந்த வெள்ளையும் அவ்வளவு வெள்ளையாக வந்ததில்லை. எதிர்வீட்டு வாசலில் கணக்கு டீச்சர் எழுந்து நின்றார். துண்டு, பூனை, மூன்று முகம். கூட்டிப் பார்த்து விடை எழுதிக்கொண்டார்.

விலங்கு டாக்டர் அதிகம் பேசாத மனுஷன். பேசினாலும் முக்கால்வாசி விலங்குகளிடம்தான் பேசுவார். பூனையின் வாயைத் திறந்து பார்த்தார், பொடியைக் கழுவச் சொன்னார், வாந்தி எடுக்க வைக்க ஊசி போட்டார். பிறகு மனிதர்கள் பக்கம் திரும்பினார்.

"எப்ப பட்டிருக்கும்? அதுதான் முக்கியம். நேத்துன்னா ஒரு மாதிரி, இன்னைக்குன்னா ஒரு மாதிரி."

"என் தோட்டம்தான் டாக்டர்," என்றாள் அக்கா. ஒப்புக்கொண்டுவிடுவது என்று வரும்போதே முடிவு பண்ணியிருந்தாள். சொல்லிவிட்டு நின்றாள். "ஆனா ஒண்ணு புரியலை. என் தோட்டத்துல பொடியே கிடையாது. பை வெடிக்க விடவே மாட்டேன். இன்னைக்கும் கிள்ளிட்டுத்தான் வந்தேன்."

"இலையைத் தின்னாலும் கெடுதல்தான்மா."

"அது சரி. ஆனா மூக்குல இருந்தது இலை இல்லையே."

 நர்சம்மா சுவரில் ஒட்டியிருந்த நாய்த் தடுப்பூசி அட்டவணையை மிகவும் கவனமாகப் படித்தாள். அவளிடம் நாய் இல்லை.

"என் ரூம்ல பூ இருக்கு டாக்டர்," என்றாள் கடைசியில். "மூணு பூ, வெள்ளை. மொட்டாத்தான் வச்சிருந்தேன். நேத்து ராத்திரி எட்டு மணிக்கு டியூட்டிக்குக் கிளம்பும்போது ஒண்ணு லேசா வாய் திறந்திருந்தது. ராத்திரி பூரா மேனேஜர் தனியாத்தான் இருந்தான்."

"அப்ப பன்னிரண்டு மணி நேரத்துக்குள்ள," என்றார் டாக்டர். அவர் தோள் கொஞ்சம் இறங்கியது. "நல்லது. சீக்கிரமே வந்திருக்கீங்க."

அக்கா அந்த நல்லதைக் காதில் வாங்கவில்லை. மூன்று, வெள்ளை, மொட்டு. இந்த மூன்று சொல்லையும் வைத்துக்கொண்டு நின்றாள்.

"யார் குடுத்தா அந்தப் பூவை?"

தம்பி இருமினான். வேனில் ஏறியதிலிருந்து அவன் செய்த முதல் சத்தம் அதுதான்.

"நான்தான்க்கா."

"நீயா?"

"யூனிஃபாரம் குடுக்கப் போறப்ப..."

"யூனிஃபாரத்தோட சேர்த்துக் குடுக்கறதா? கடையில அப்படி ஒரு திட்டம் போட்டது எனக்குத் தெரியாதே." அக்காவின் குரல் ஏறவில்லை. அதுதான் தம்பிக்குப் பயமாக இருந்தது. "பூ வேணும்னா மலர்ந்ததைக் கேட்டா குடுத்திருக்க மாட்டேனா? ஏன்டா மொட்டை வெட்டின?"

தம்பி தரையைப் பார்த்தபடி சொன்னான்: "மலர்ந்ததும் நீ பையைக் கிள்ளிடறக்கா. கிள்ளின பூ மொட்டைத்தலை மாதிரி இருக்கு. அவங்களுக்கு முழுப் பூவா குடுக்கணும்னு நினைச்சேன்."

வெட்டின இடம் சாய்வாக, சுத்தமாக இருந்ததே, பூனை எப்படி அவ்வளவு அழகாக வெட்டும் என்று அக்கா வியாழக்கிழமையே யோசித்திருக்கலாம். கோபம் வரும்போது யோசிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. இப்போது அவளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு ஆசை வந்தது. தம்பியை அங்கேயே நாலு சாத்து சாத்த வேண்டும். பதினோரு வீட்டில் உட்கார்ந்து எழுந்த முழங்கால் வலி தீர அவனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். விலங்கு ஆஸ்பத்திரியில் எதைச் செய்தாலும் நன்றாக இராது என்று விட்டுவிட்டாள்.

"எத்தனை நாளா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஏழு மாசம்," என்றான் தம்பி.

"எட்டு," என்றாள் நர்சம்மா.

டாக்டர் தொண்டையைச் செருமினார். "பூனையைப் பத்திப் பேசலாமா? மூணு நாள் டிரிப்ஸ் ஏத்தணும். தினம் ரத்தம் பார்க்கணும். சிறுநீரகம் தாங்குதான்னு பார்க்க ஒரே வழிதான். ஒண்ணுக்கு நல்லாப் போகணும். போச்சுன்னா பிழைச்சுது. நின்னுபோச்சுன்னா கஷ்டம்."

அடுத்த இரண்டு நாள் அந்தத் தெரு வேறு எதைப் பற்றியும் பேசவில்லை. முதல் நாள் சாயங்காலத்துக்குள் பேச்சு ஒரு வடிவத்துக்கு வந்துவிட்டது: சலவைக்காரி வியாழக்கிழமை சாபம் போட்டாள், திங்கட்கிழமை விஷம் வைத்தாள். சட்டை வாங்க வந்தவர்கள் சட்டையை வாங்கிக்கொண்டு, காசைக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் நின்று அவள் கையில் இருந்த கீறலைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அக்கா யாருக்கும் பதில் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் நர்சம்மாவின் அறையில் பூ எப்படி வந்தது என்று ஆரம்பித்து, தம்பியும் நர்சம்மாவும் ஒரு வாரத்துக்குத் தெருவின் வாயில் விழ வேண்டும். தான் விழுந்தால் விழுந்தது என்று இருந்துவிட்டாள். அவள் பதில் பேசாமல் இருந்தது தெருவுக்கு இன்னும் சந்தேகமாகப் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். நர்சம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கம்பிக் கூண்டுக்குள் மேனேஜர், முன்னங்காலில் மயிர் மழித்து ஊசி குத்தி, கழுத்தில் பிளாஸ்டிக் வளையத்தோடு, பதவி பறிபோன முகத்தோடு படுத்திருந்தது.

"போச்சா?"

"காலையில கொஞ்சம். பத்தாதுன்றார்."

அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள்.  ஒரு கிளியைக் கொண்டுவந்தார்கள், ஒரு ஆமையைக் கொண்டுபோனார்கள்.

"நீங்க வியாழக்கிழமை சொன்னதை நான் கேட்டேன்," என்றாள் நர்சம்மா.

"தெருவே கேட்டுச்சு. நீ கேட்டா என்ன."

"ரொம்ப ஆத்திரமா வந்துச்சு. பொட்டியைக் கட்டிட்டு வேற வீடு பார்க்கலாம்னு இருந்தேன்."

"ம்."

"உங்க தம்பி வேணாம்னார்."

"சொல்லுவான், சொல்லுவான்."

நர்சம்மா சிரித்துவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தோட்டத்துல பொடி இல்லைன்னு உங்களுக்குத் தெரியும்ல? அப்புறம் ஏன் உங்க மேல போட்டுக்கிட்டீங்க?"

"பூனையைக் கையில வச்சுக்கிட்டு யாரு கணக்குப் பார்த்தா? லில்லின்னா இந்தத் தெருவுல நான்தானே." அக்கா கையில் இருந்த கீறலைத் தடவிக்கொண்டாள். "அந்தக் காகிதத்தை நான் போன வருஷமே படிச்சேம்மா. ஒன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பேச்சு இல்லைன்னு சொல்லலை. பூ யாரு குடுத்தா என்ன, அது என் தப்புதான்."

நர்சம்மா பெஞ்சில் தன் பையை நகர்த்தி, அக்கா சாய்ந்து உட்கார இடம் விட்டாள்.

புதன்கிழமை காலை அக்கா வழக்கம்போல ஐந்தரைக்குத் தோட்டத்தில் நின்றாள். பாழாய்ப்போன பூக்கள் அன்றைக்கென்று பார்த்து அப்படி மலர்ந்திருந்தன. டிரம்பெட் ஒன்பது. தலைப்பாகை எண்ணி முடியாது. வெட்டாமல் மிச்சமிருந்த ஒரே ஓரியண்டல் மொட்டும் விரிந்து, இதழ் ஓரமெல்லாம் நெளிநெளியாக, இஸ்திரி போட முடியாத பட்டு மாதிரி நின்றது. எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிடலாமா என்று நினைத்தாள். கையை ஒரு தண்டில்கூட வைத்தாள். முடியவில்லை. பூனைக்கு ஏதாவது ஆனால் பார்த்துக்கொள்ளலாம் என்று, பேரம் பேசுகிற மாதிரி, தண்டை விட்டுவிட்டாள்.

பதினோரு மணிக்கு ஃபோன் வந்தது. தம்பி எடுத்தான். கேட்டான், ம் என்றான், இன்னொரு ம் என்றான். அக்கா இஸ்திரிப் பெட்டியைக் கையில் வைத்தபடி அவன் முகத்தைப் பார்த்தாள். கீழே ஒரு கோட்டுக் கை மெல்லக் கருகத் தொடங்கியது. இருபது வருஷத்தில் முதல் தடவை.

"என்னடா?"

"போயிடுச்சாம்க்கா."

அக்கா மேஜையைப் பிடித்துக்கொண்டாள். அவன் சொன்ன விதம் அப்படி.

"ஒண்ணுக்குப் போயிடுச்சாம்," என்று தம்பி அவசரமாகச் சேர்த்துக்கொண்டான். "நிறைய. டாக்டர் தூக்கிப் பார்த்தாராம், அவர் கோட்டு மேலயே போயிடுச்சாம். ரத்தமும் நல்லா இருக்காம். நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னார்."

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். முதலில் தம்பியை, ஒழுங்காச் சொல்லத் தெரியாதாடா உனக்கு என்று திட்டினாள். அந்தத் திட்டில் வியாழக்கிழமை மொட்டு, ஏழு மாசம், எட்டு மாசம், பதினோரு பெண்கள் எல்லாம் சேர்ந்துகொண்டன. திட்டிக்கொண்டே இருந்தவள் பாதியில் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். சிரிப்பு நிற்கவில்லை. எதிர்வீட்டிலிருந்து கணக்கு டீச்சர் தெருவைக் கடந்து வந்தே விட்டார்.

"என்னாச்சு? போச்சா இல்லையா?"

"போச்சு டீச்சர்."

"உயிரா?"

"ஒண்ணுக்கு டீச்சர். டாக்டர் கோட்டுல."

டீச்சர் நெஞ்சில் கை வைத்து ஒரு பெருமூச்சு விட்டார். விஷம் வைத்தவள் என்று இரண்டு நாளாகச் சொல்லித் திரிந்தவர் அவர்தான். ஆனாலும் அந்தப் பெருமூச்சு நிஜம். "நல்ல வேளை. எனக்கு ராத்திரி தூக்கமே இல்லை," என்றார். பிறகு வாசலில் நின்று, பக்கத்து வீட்டுக்கும் அதற்கடுத்த வீட்டுக்கும் செய்தியை அனுப்பினார். பத்து நிமிஷத்தில் ஒரு பூனை ஒன்றுக்குப் போன சந்தோஷத்தில் தெருவே வாசலில் நின்றது. இவ்வளவு பேர் அந்தப் பூனைக்காகக் கவலைப்பட்டார்கள் என்பது அதுவரை அவர்களுக்கே தெரியாது.

"அது சரி," என்றார் டீச்சர், போகிற போக்கில். "பூ எப்படி அந்தப் பொண்ணு ரூமுக்குப் போச்சு?" இதை அவருக்கு யார் சொன்னார்கள் என்பது இன்றுவரை தெரியாது.

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் ஒரு சட்டையை மூன்றாவது முறையாக மடித்துக்கொண்டிருந்தான்.

"கல்யாணத்துக்கு அழைக்கறப்ப சொல்றேன் டீச்சர்," என்றாள்.

டீச்சருக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. இந்தத் தெருவில் யாரும் அவருக்கு அதைச் செய்து பார்த்ததில்லை.

மத்தியானமே அக்காவும் தம்பியும் முற்றத்தைச் சுற்றிக் கம்பி வலை அடிக்கத் தொடங்கினார்கள். மேலேயும் வலை, வாசலுக்கு ஒரு கதவு, கதவுக்குத் தாழ்ப்பாள். உள்ளே லில்லி, வெளியே துணிக்கொடி. வெட்டின பூ இனி மாடி ஏறக் கூடாது, பார்க்க வேண்டுமானால் ஆள் கீழே இறங்கி வர வேண்டும் என்று அக்கா சட்டம் போட்டாள். சாயங்காலம் நர்சம்மா இறங்கி வந்தாள். வலைக் கதவைத் திறந்து உள்ளே போய், ஓரியண்டல் முன்னால் குனிந்து ரொம்ப நேரம் நின்றாள். அன்றைக்குக் காலையில் அக்கா அந்த ஒரு பூவை மட்டும் கிள்ள மறந்திருந்தாள். பை ஆறும் வெடித்து, வெள்ளை இதழில் துரு கொட்டியிருந்தது.

"உள்ள வந்துட்டு அப்படியே மேல போயிடாதே," என்று அக்கா கடைக்குள்ளிருந்து குரல் கொடுத்தாள். "கையில சட்டையில பொடி இருந்தா டேப் வச்சு எடுத்துட்டுப் போ. ஈரம் படக் கூடாது. நாளைக்கு மேனேஜர் வருது."

"சரி அண்ணி," என்றாள் நர்சம்மா.

அக்கா கொஞ்ச நேரம் இஸ்திரிப் பெட்டியைத் தொடவில்லை. பிறகு கருகிய கோட்டுக் கையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சுரண்டினால் போய்விடும்போலத்தான் இருந்தது.